அரிசி அனுப்பலாமா, பணம் அனுப்பலாமா?

மதுரை செல்லூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது: "2022-ல் இலங்கை நொடித்துப்போன மாதிரி ஒரு நாடு நொடித்துப்போய், சனங்கள் சாப்பாட்டுக்குத் தவிக்கும்போது நாம் அரிசி அனுப்புவது நல்லதா, பணம் அனுப்புவது நல்லதா? பணமாகக் கொடுத்தால் நடுவில் இருப்பவன் தின்றுவிடுவான், அரிசி என்றால் வயிற்றுக்குத்தான் போகும் என்று எங்கள் தெருவில் சொல்கிறார்கள். வீட்டுக்கு வீடு அரிசி வசூலிக்கவும் தொடங்கிவிட்டோம். எப்படி அனுப்புவது?"

நான் கீழமாசி வீதியில் அரிசி வியாபாரத்தில் காலம் தள்ளியவன். நிவாரணத்துக்குச் சரக்கு பிடித்துக் கொடுக்கும் வேலையும் செய்திருக்கிறேன். அரிசிக்கு எதிராகப் பேச எனக்கு ஒரு காரணமும் இல்லை. ஆனாலும், அரிசியா பணமா என்று முடிவு செய்வதற்கு முன்னால் அந்த ஊரில் எது குறைகிறது என்று கேட்க வேண்டும், தம்பி. பசி எல்லா ஊரிலும் ஒன்றுதான். அதன் காரணம் ஊருக்கு ஊர் வேறு.

நீங்கள் சொன்ன இலங்கையையே எடுத்துக்கொள்வோம். அங்கே மழை பொய்க்கவில்லை, குளங்கள் வற்றவில்லை. 2021 ஏப்ரலில் கோத்தாபய ராஜபக்ச அரசு ரசாயன உரத்தை ஒரேயடியாக நிறுத்தியது. நவம்பரில் அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள், ஆனால் அதற்குள் பெரும்போகம் என்னும் முக்கிய நெல் பருவத்துக்கு விதைத்தாகிவிட்டது. அந்தப் போகத்தில் நெல் விளைச்சல் முந்தைய ஆண்டைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் விழுந்தது. மக்காச்சோளமும் விழுந்தது. அதனால் திரிபோஷா என்று கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அரசு கொடுக்கும் சத்துமாவு வழங்குவதே தடைப்பட்டது, ஏனென்றால் அது மக்காச்சோளத்திலும் சோயாவிலும் செய்வது. வெளியிலிருந்து வாங்கலாம் என்றால் டாலர் இல்லை. கொரோனாவில் சுற்றுலா படுத்துவிட்டது, வரியை வேறு குறைத்திருந்தார்கள், கடன் கழுத்தை நெரித்தது. 2022 ஏப்ரல் 12-ம் தேதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் கொழும்பு விலைக் கணக்கின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். அதாவது போன வருஷம் நூறு ரூபாய்க்கு வாங்கிய மளிகை, இந்த வருஷம் கிட்டத்தட்ட இருநூறு. சம்பளம் அதே சம்பளம். 63 லட்சம் பேர் உணவுக்கு உத்தரவாதமில்லாத நிலையில் இருப்பதாக ஐ.நா.வின் உணவு அமைப்புகள் கணக்கிட்டன.

அப்போது நம் மாநில அரசு என்ன செய்தது? 2022 ஏப்ரல் 29 அன்று சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டார்கள். 40,000 டன் அரிசி, 500 டன் பால் பவுடர், உயிர்காக்கும் மருந்துகள். வெளிநாட்டு விவகாரம் மத்திய அரசின் கையில் இருப்பதால் அதன் அனுமதி தேவைப்பட்டது, அதற்குத்தான் தீர்மானம். தமிழர்களுக்கு மட்டும் என்று பிரித்து அனுப்பாதீர்கள், எல்லோருக்கும் சேர்த்து அனுப்புங்கள் என்று அங்குள்ள தமிழர் தரப்பே கேட்டுக்கொண்டதை முதலமைச்சர் அன்றைக்குச் சபையில் சொன்னார். இது நல்ல மனசு மட்டுமில்லை, நல்ல புத்தியும்கூட. அடுத்த வீட்டுக்காரன் பட்டினி கிடக்க ஒரு வீட்டில் மட்டும் மூட்டை இறங்கினால், அந்த வீட்டுக்கு அதுவே வினையாகும். மே 18-ல் சென்னையிலிருந்து முதல் கப்பல் கிளம்பியது, 9,000 டன் அரிசியோடு. அப்புறம் ஜூன், ஜூலையில் தூத்துக்குடியிலிருந்து மிச்சம் போனது.

இந்த 40,000 டன்னை வியாபாரிக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். இலங்கையில் சுமார் 2 கோடியே 20 லட்சம் பேர். ஆளுக்கு வருஷத்துக்கு 110 கிலோ அரிசி என்று வைத்தால், நாடு ஒரு நாளைக்கு 6,600 டன் அரிசி சாப்பிடுகிறது. நாம் மூன்று மாதமாகத் திரட்டி அனுப்பியது அவர்களுக்கு ஆறு நாள் சோறு. குடும்பத்துக்கு 10 கிலோ என்று பிரித்தால் 40 லட்சம் குடும்பத்துக்கு ஒரு தடவை கொடுக்கலாம். இதைக் குறைத்துப் பேசவில்லை. ஆறாவது மாதமாக வரிசையில் நிற்கிற வீட்டுக்கு அந்த 10 கிலோ எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒரு மாநில அரசே தன் கிட்டங்கியைத் திறந்து அனுப்பினால் ஆறு நாள் என்றால், ஒரு தெருவில் வசூலித்த அரிசி எத்தனை நிமிஷம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அன்றைக்கு அரிசியாக அனுப்பியது சரியா? சரிதான். நாடே டாலர் இல்லாமல் நின்றது. வெளியிலிருந்து சரக்கு வாங்க சரக்குக்குப் பணம் தருவதாக வங்கி கொடுக்கும் கடனுறுதிக் கடிதத்தை அந்த நாட்டு வியாபாரியின் வங்கியால் திறக்க முடியவில்லை. நம்மிடம் சரக்கு கையிருப்பில் இருந்தது. அரிசிக்கு ஒதுக்கியது 80 கோடி ரூபாய், அதாவது கிலோ 20 ரூபாய் கணக்கு. துறைமுகம் பக்கத்தில். புழுங்கல் அரிசி அவர்களும் சாப்பிடுவது. இத்தனையும் கூடி வந்ததால் அது பொருந்தியது. இதில் ஒன்று குறைந்திருந்தாலும் கணக்கு மாறியிருக்கும்.

இன்னொரு கப்பலைப் பற்றி நம் ஊரில் யாரும் பேசவில்லை. அதே 2022 ஜூலையில் இந்தியக் கடனுதவியில் 44,000 டன் யூரியா இலங்கைக்குப் போய் இறங்கியது. எடை பார்த்தால் நம் அரிசியும் அந்த யூரியாவும் கிட்டத்தட்ட ஒன்று. மேலூர்ப் பக்கம் பெரியாறு பாசனத்தில் நடவு போடுகிற எவரிடமும் கேளுங்கள், ஒரு கிலோ யூரியா சரியான பருவத்தில் வயலில் விழுந்தால் என்ன தரும் என்று. மிகக் குறைத்துச் சொன்னாலும் ஐந்து கிலோ நெல் கூடுதலாக வரும். அரைத்தால் மூன்று கிலோ அரிசி. அந்த ஒரு யூரியாக் கப்பல் நம் அரிசியைப் போல மூன்று மடங்கு அரிசியை, அவர்கள் நிலத்திலேயே, அவர்கள் விவசாயி கையிலேயே விளைய வைக்கக்கூடியது. பத்திரிகையில் படம் போட யூரியா மூட்டை அழகாக இருக்காது, அவ்வளவுதான். குறைந்தது உரம் என்றால் உரம்தான் உதவி. டீசல் இல்லாமல் அறுவடை இயந்திரம் நின்றால் டீசல்தான் உதவி.

இலங்கையிலேயே இன்னொரு காலத்தைப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். 1970-களில் சிறிமாவோ பண்டாரநாயக்க ஆட்சியில் இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தினார்கள். வெளி வெங்காயமும் மிளகாயும் வராததால் யாழ்ப்பாணத்து விவசாயிக்கு நல்ல விலை கிடைத்தது. கல்வீடு கட்டினான், டிராக்டர் வாங்கினான். அதே நாட்டில், அதே ஆண்டுகளில், மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் பட்டினியால் செத்தார்கள். 1973, 74 ரொம்ப மோசம். அவர்களுக்குச் சொந்த நிலம் கிடையாது, கூலி மட்டும்தான். ரேஷனைக் குறைத்து, கடை விலை ஏறினால், கூலிக்காரன் கையில் இருப்பது காகிதம். இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தமிழ்நாட்டுக்குத் திரும்பி வந்த குடும்பங்களில் எத்தனையோ பேர் அந்தப் பசிக்குப் பயந்து கிளம்பியவர்கள்தான். ஒரே தட்டுப்பாடு ஒருவனுக்கு வீடு, இன்னொருவனுக்குப் பாடை. ஆகவே 'நாட்டில் பஞ்சம்' என்று மொத்தமாகச் சொன்னால் போதாது. யார் வாங்க முடியாமல் நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

நம் மதுரைச் சீமைக்கும் இது தெரியாத பாடமில்லை. 1876 - 78 தாது வருஷப் பஞ்சத்தில் இந்த மாகாணத்தில் மழை பொய்த்தது உண்மை. ஆனால் அந்தக் காலத்திலும் இந்தியாவிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. விலை ஏறியபோது நெசவாளியும் பண்ணையாளும் வாங்க முடியாமல் செத்தார்கள். நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு பிரிட்டிஷ் அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்த கூலியில் தானியம் ஒரு பவுண்டு, அதாவது 450 கிராம். இன்றைக்கு அகதி முகாமில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆளுக்கே நாளைக்கு 2,100 கலோரி என்று கணக்கு வைத்து, 400 கிராம் தானியத்தோடு பருப்பும் எண்ணெயும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அன்றைக்கு மண் சுமந்தவனுக்கு அந்த ஒரு பவுண்டும் கொஞ்சம் காசும்தான். அந்தப் பஞ்சத்துக்கு அப்புறம்தான் பெரியாறு அணைத் திட்டம் வேகம் பிடித்து 1895-ல் தண்ணீர் வந்தது. மதுரைக்குக் கிடைத்த பஞ்ச நிவாரணத்திலேயே பெரியது அதுதான் என்பது என் எண்ணம்.

சரி, பணம். கடைத்தெருவில் சரக்கு இருந்து, வாங்கக் காசில்லாமல் சனங்கள் தவித்தால், பணமோ கூப்பனோ கொடுப்பதுதான் வேகமானது, மலிவானது. உலக உணவுத் திட்டம் 2022 ஜூனில் கொழும்பில் ஏழைக் கர்ப்பிணிகளுக்குக் கூப்பன் கொடுத்துத்தான் வேலையைத் தொடங்கியது. ஒரு தாய்க்கு எது தேவை என்று அவளுக்குத் தெரியும். அரிசி இருக்கிற வீட்டில் முட்டை வாங்குவாள், கீரை வாங்குவாள். காசு உள்ளூர்ப் பெட்டிக்கடைக்குப் போகும், அங்கிருந்து உள்ளூர் விவசாயிக்குப் போகும். வெளி அரிசி கப்பல் கப்பலாக வந்து இறங்கினால் என்ன நடக்கும் என்பதற்கு ஹெய்தி நாடு சாட்சி. 1990-களில் அரிசி மீதான இறக்குமதி வரியை 3 சதவீதத்துக்கு இறக்கினார்கள். அமெரிக்காவின் மலிவு அரிசி கொட்டியது. உள்ளூர் நெல் விவசாயி ஒழிந்தான். தன் காலத்துக் கொள்கை தன் சொந்த மாநில விவசாயிகளுக்கு நல்லதாக இருந்தாலும் ஹெய்தியைக் கெடுத்தது என்று 2010-ல் பில் கிளின்டனே அமெரிக்க செனட் குழு முன்னால் ஒப்புக்கொண்டார். மேலூரில் அறுவடை நேரத்தில் வெளிமாநில நெல் லாரி வருகிறது என்ற வதந்தி கிளம்பினாலே களத்தில் விலை எப்படிச் சரியும் என்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பணத்தைத் தின்றுவிடுவான், அரிசியைத் தின்ன மாட்டான் என்ற நம்பிக்கைக்கு வருகிறேன். இதை மதுரையில் இருந்துகொண்டு சொல்வதுதான் எனக்கு ஆச்சரியம். நம் ரேஷன் அரிசி கம்பம் மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் கேரளாவுக்குப் போய், பாலிஷ் போட்டுத் திரும்பி வருவது எத்தனை தடவை பிடிபட்டிருக்கிறது! அரிசிக்கு முகவரி கிடையாது. சாக்கை மாற்றினால் சரக்கு மாறிவிட்டது. பணம் வங்கிக் கணக்கிலோ கூப்பனிலோ போனால் குறைந்தபட்சம் யார் கைக்குப் போனது என்று எழுத்து இருக்கும். அரிசியில் ஏற்று கூலி, இறக்கு கூலி, லாரி வாடகை, கிட்டங்கி, வண்டு மருந்து, ஈரத்தில் போன சேதாரம் என்று ஒவ்வொரு படியிலும் கசியும். திருட்டே இல்லாவிட்டாலும் கசியும்.

பணமும் உதவாத இடங்கள் உண்டு. கடையில் சரக்கே இல்லாத இடத்தில் நோட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? புயல், பூகம்பம் வந்த முதல் சில வாரங்கள் அப்படி. போரில் வழி அடைபட்ட ஊர்கள் அப்படி. 2024 ஆகஸ்டில் சூடானின் ஜம்ஜம் முகாமிலும், 2025 ஆகஸ்டில் காசாவிலும் பஞ்சம் என்று முறைப்படி அறிவித்தார்களே, அங்கே எல்லைக்கு வெளியே லாரி லாரியாக உணவு நின்றது. குறைந்தது வழி. அதைத் திறக்கும் சாவி அரிசிக்காரனிடமும் இல்லை, பணம் அனுப்புகிறவனிடமும் இல்லை, துப்பாக்கி வைத்திருப்பவனிடம் இருக்கிறது.

இதுவும் நமக்குப் பக்கத்திலேயே நடந்ததுதான். 1987 ஜூன் 3-ம் தேதி ராமேஸ்வரத்திலிருந்து மீன்பிடிப் படகுகளில் நிவாரணப் பொருள் யாழ்ப்பாணத்துக்குக் கிளம்பியது. இலங்கைக் கடற்படை நடுக்கடலில் மறித்துத் திருப்பி அனுப்பியது. மறுநாளே இந்திய விமானப்படை 'பூமாலை' என்று பெயர் வைத்து யாழ்ப்பாணத்தின் மேல் 25 டன் பொருளை வானிலிருந்து போட்டது. அங்கே அப்போது ஏழெட்டு லட்சம் பேர். ஆளுக்குப் பங்கு போட்டால் முப்பத்துச் சொச்சம் கிராம், ஒரு கைப்பிடிக்குக் குறைவு. அது சோறு போட்ட கதையில்லை, வழியைத் திறக்கச் சொல்லி மிரட்டிய கதை. வானிலிருந்து போடுவதை டிவியில் காட்டும்போதெல்லாம் எத்தனை டன், எத்தனை பேர் என்று வகுத்துப் பாருங்கள். உதவியா விளம்பரமா என்று தெரிந்துவிடும்.

இன்னொரு விஷயம், நேரம். பஞ்சம் என்று அறிவிக்க ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: ஐந்தில் ஒரு வீட்டில் உணவே இல்லாத நிலை, நூறில் முப்பது குழந்தைகள் கடுமையாக மெலிந்த நிலை, தினமும் பத்தாயிரம் பேருக்கு இரண்டு சாவு. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் அந்த அறிவிப்பு வரும். 2011-ல் சோமாலியாவில் ஜூலையில் அறிவித்தார்கள். இரண்டரை லட்சத்துக்கும் மேல் செத்த அந்தப் பஞ்சத்தில் பாதிப் பேர் அறிவிப்பு வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தார்கள். டிவியில் எலும்பும் தோலுமான குழந்தையைப் பார்த்துவிட்டு நாம் வசூலுக்குக் கிளம்பும்போது காலம் கடந்திருக்கும்.

நாம் செய்யும் உதவியைப் பேசும்போது நாம் செய்யும் உபத்திரவத்தையும் பேச வேண்டும். உலக அரிசி ஏற்றுமதியில் இந்தியாதான் முதல் நாடு. 2023 ஜூலை 20 அன்று பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கு நம் அரசு தடை போட்டது. அடுத்த மாதம் புழுங்கலுக்கு 20 சதவீத வரி. உள்ளூர் விலையைப் பிடிக்கச் செய்தது, காரணம் புரிகிறது. ஆனால் நம் அரிசியை நம்பி உலை வைக்கும் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளில் விலை எகிறியது. தடையை 2024 செப்டம்பர் கடைசியில்தான் எடுத்தார்கள். ஒரு கையெழுத்தில் அரசு நிறுத்துகிற அரிசியை ஆயிரம் தெருக்கள் வசூலித்தாலும் ஈடுகட்ட முடியாது.

இப்போது உங்கள் வசூலுக்கு வருவோம். நீங்கள் சேர்த்த அரிசியில் பாதிக்கு மேல் ரேஷன் அரிசியாக இருக்கும் என்று நான் மூட்டையில் குத்தூசி போடாமலே சொல்லுவேன். வீட்டில் யாரும் கடையில் வாங்கிய பொன்னியை அள்ளிக் கொடுப்பதில்லை. அந்த அரிசியை மொத்தமாகச் சேர்த்து லாரியில் ஏற்றி மாவட்ட எல்லை தாண்டினால், நடுவழியில் உணவுக் கடத்தல் தடுப்புப் பிரிவு நிறுத்தும். நிவாரணத்துக்கு என்று பேனர் கட்டியிருந்தாலும் கேள்வி கேள்விதான். விற்கவும் கூடாது. பல வீட்டு அரிசி ஒன்றாகக் கலந்ததில் பச்சரிசியும் புழுங்கலும், பழசும் புதுசும், வண்டு விழுந்ததும் விழாததும் சேர்ந்துவிடும். ஒரே பானையில் வேகாது. கப்பலில் ஏற்ற வண்டு மருந்துப் புகை போட்ட சான்று, தாவர நலச் சான்று, சுங்கக் காகிதம் எல்லாம் வேண்டும். கலப்பு மூட்டைக்கு யாரும் சான்று தர மாட்டார்கள். ஆகவே அரிசி வசூலை இன்றோடு நிறுத்துங்கள். சேர்ந்ததில் கடை அரிசியைத் தனியே பிரித்து முதியோர் இல்லத்துக்கோ அன்னதானத்துக்கோ கொடுத்துவிடுங்கள். ரேஷன் அரிசி கொடுத்தவர்களுக்கு அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, முடிந்தால் நூறு ரூபாய் கேளுங்கள்.

பச்சைக் குழந்தைக்கான பால் பவுடரை மட்டும் தயவுசெய்து யாரும் அனுப்பாதீர்கள். சுத்தமான தண்ணீர் இல்லாத இடத்தில் அது வயிற்றுப்போக்கு, தாய்ப்பாலும் நின்றுபோகும். மெலிந்த குழந்தைக்குக் கொடுக்கத் தனிப் பொட்டலம் இருக்கிறது: நிலக்கடலை விழுது, பால் பவுடர், சர்க்கரை, எண்ணெய், சத்துக்கள் சேர்த்தது. 92 கிராமில் 500 கலோரி. தண்ணீர் சேர்க்க வேண்டாம், அடுப்பு வேண்டாம், பிய்த்து வாயில் வைத்தால் போதும். பழைய துணியும் வேண்டாம். சுனாமி நேரத்தில் நாகப்பட்டினத்துச் சாலை ஓரங்களில் குவிந்து கிடந்த துணியைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று தெரியும்.

வசூலிக்கும் பணத்தை, அரசு ஒரு நாட்டுக்கென்று வேண்டுகோள் விடுக்கும் நேரத்தில், முதலமைச்சர் பொது நிவாரண நிதியில் கட்டலாம். 2022-ல் அப்படித்தான் மக்களிடமிருந்து வாங்கினார்கள். இல்லையென்றால் உலக உணவுத் திட்டம், யுனிசெஃப், செஞ்சிலுவைச் சங்கம் இவற்றில் ஒன்றுக்கு நேராகக் கட்டி ரசீது வாங்கலாம். தெருச் சங்கத்தின் பெயரில் வசூலித்து ஒரு தனி ஆளின் கணக்கில் போட்டு வெளிநாட்டுக்கு அனுப்பும் வேலை வேண்டாம். அறக்கட்டளை பதிவு வைத்திருந்தால், இந்தியாவுக்கு வெளியே செலவழிக்கும் தொகைக்கு நேரடி வரிகள் வாரியத்தின் அனுமதி இல்லாமல் வரிவிலக்கு கிடைக்காது. உங்கள் ஆடிட்டரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், இலங்கைக்கு என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டால் ஆனையூருக்கும் உச்சபட்டிக்கும் திருவாதவூருக்கும் ஒரு நடை போய் வாருங்கள். மூன்று இடத்திலும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. 2022-ல் இலங்கையில் விலை எப்படி ஏறியது, எந்த மாவட்டத்தில் எது கிடைக்கவில்லை என்று பத்திரிகைக்கு முன்னால் அந்த முகாம்களில் இருப்பவர்களுக்கு வாட்ஸ்அப்பில் தெரிந்தது. அடுத்த தடவை எதை அனுப்பலாம் என்ற கேள்வி வந்தால் முதலில் அவர்களிடம் கேளுங்கள், அதற்கப்புறம் என்னிடம் வரலாம்.